கன்னங்குறிச்சி வீட்டு முருங்கையில் வரும் பறவைகளைப் படம் எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டுமா?

சேலம் கன்னங்குறிச்சியில் வாடகை வீடு, பின்பக்கம் ஒரு முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாமரம். கையில் 55-250 லென்ஸ் போட்ட பழைய கேனான் கேமரா (லென்ஸின் எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்). எடுக்கிற படத்தில் எல்லாம் பறவை கிளையில் ஒட்டிய கருப்புப் பொட்டாகத்தான் வருகிறது; 150-600 லென்ஸ் வாங்கிவிடலாமா, இல்லை ஞாயிறுதோறும் ஏற்காடு ஏறினால்தான் நல்ல படம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி லென்ஸைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நடுவில் "வருவதெல்லாம் காக்காயும் மைனாவும்தான், இதுக்குப் போய் மெனக்கெடணுமா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அசல் கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். ஏற்காடு எங்கேயும் போய்விடாது. அந்த முருங்கைக்கு எந்தப் பறவை எந்த நேரத்தில் வருகிறது, வந்தால் எந்தக் கிளையில் உட்காருகிறது என்பது தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

நான் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் சும்மா இருக்கும் கேமராவைப் பறவைப் பக்கம் திருப்பி, அப்புறம் அதிலிருந்து மீளாமல் போனவன். அதனால் வெளிச்சம், லென்ஸ் பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். விலங்கியல் படித்தவனில்லை. பறவைகளின் பழக்கம் பற்றி நான் சொல்வது பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டது. ஊரில் பேசிக்கொள்வதற்கும் நிரூபிக்கப்பட்டதற்கும் வித்தியாசம் இருக்கிற இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கருப்புப் பொட்டு. அது லென்ஸின் குறையே இல்லை. கீழே நின்று அண்ணாந்து, வெளுத்த வானத்தை எதிரே வைத்து எடுக்கிறீர்கள். கல்யாண வீட்டில் ஜன்னலுக்கு முன்னால் மாப்பிள்ளையை நிற்கவைத்து எடுத்தால் முகம் கருத்துப்போகுமே, அதே கதைதான். கேமரா தன் கட்டத்துக்குள் வரும் வெளிச்சத்தை எல்லாம் கூட்டி ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும்; வானம் பெரிதாக இருந்தால் அதை அடக்குவதற்காகப் பறவையை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று பிளஸ், மைனஸ் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். வானத்தை எதிர்த்து எடுக்கும்போது பிளஸ் 1 முதல் பிளஸ் 2 வரை வைத்துப் பாருங்கள். வானம் வெளுத்துப்போகும், போகட்டும்; பறவையின் கண் தெரியும். இதற்கு மாறாக, கரிச்சான் மாதிரி ஒரு கருப்புப் பறவை அடர்ந்த மாவிலைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டத்தை நிறைத்தால் கணக்கு தலைகீழ், மைனஸ் பக்கம் போகவேண்டும். இல்லாவிட்டால் கருப்புப் பறவை வெளிறிச் சாம்பலாகிவிடும். கொக்குக்கும் இப்படித்தான்: இருண்ட தண்ணீருக்கு நடுவில் சின்னதாகத் தெரியும் வெள்ளைக் கொக்குக்கு மைனஸ் வைக்காவிட்டால் இறகு ஒன்றுகூடப் பிரிந்து தெரியாது, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

காம்பன்சேஷனைவிட நல்ல வழி, அண்ணாந்து எடுப்பதையே விட்டுவிடுவது. மொட்டைமாடிக்குப் போங்கள். முருங்கையின் உச்சி பெரும்பாலும் மாடி உயரத்துக்கு வந்திருக்கும், பறவை உங்கள் கண்மட்டத்தில் இருக்கும், பின்னால் வானத்துக்குப் பதில் அடுத்த வீட்டு மாமரத்தின் பச்சை வரும். இந்த ஒரு மாற்றம் விலை உயர்ந்த லென்ஸ் செய்யாததைச் செய்யும். வெயில் உங்கள் முதுகில் விழவேண்டும். உங்கள் வீட்டுப் பின்பக்கம் கிழக்கா மேற்கா என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் மரத்தின் உங்கள் பக்கத்து முகத்தில் வெயில் பட்டால் காலைதான் உங்கள் நேரம். படவில்லை என்றால் மாலை நாலரைக்கு மேல். சேலத்து வெயிலில் பங்குனி, சித்திரையில் ஒன்பது மணிக்கு மேல் மாடித் தளத்திலிருந்து அனல் எழும்ப ஆரம்பித்துவிடும். அந்த அனலுக்கு ஊடே எடுத்தால் எவ்வளவு விலைக்கு வாங்கிய லென்ஸானாலும் படம் தண்ணீருக்குள் பார்த்த மாதிரிக் கலங்கித்தான் வரும். லென்ஸ் மேல் சந்தேகப்பட்டு அதைச் சர்வீஸுக்குக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது முருங்கைக்கு வருகிறேன். பூத்திருக்கும் முருங்கையைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது. இலை பொடிசு, கிளை மெல்லிசு, வெளிச்சம் உள்ளே வரை இறங்கும். அங்கே வருகிற தேன்சிட்டை "கருப்பா, குட்டியா ஒரு குருவி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அதைப் பாருங்கள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆண் உங்களுக்கு முதுகைக் காட்டும்போது மங்கின பழுப்பாக இருக்கும். அலகை ஒரு பூவுக்குள் விட்டுவிட்டு அடுத்த பூவுக்காகத் தலையைச் சாய்க்கும் அந்த நொடியில், உச்சந்தலையில் ஒரு பச்சை மின்னும், தொண்டை ஊதாவாகப் பற்றிக்கொள்ளும், மறு நொடியே அணைந்துவிடும். அந்த மின்னலுக்குக் காரணம் சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதம். அதனால்தான் கோணம் மாறினால் நிறம் காணாமல் போகிறது. படத்துக்கும் இதுதான் விதி: வெயில் உங்கள் பின்னாலிருந்து வரவேண்டும், பறவையின் தலை உங்கள் பக்கம் திரும்பவேண்டும். அது திரும்பும்வரை பொத்தானை அழுத்தாதீர்கள்.

அதே மரத்துக்கு ஊதாத் தேன்சிட்டும் வரும். அதன் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் முழுக்கக் கருநீலமாக மின்னும். காலம் முடிந்ததும் இறகு உதிர்த்து, பெண்ணைப் போலவே மேலே பழுப்பு, கீழே மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறுவரை நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் மிச்சமிருக்கும். அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டுப் புது இனம் என்று படம் அனுப்பிக் கேட்பவர்கள் நிறைய. ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு இப்படி வேடம் மாறும் வழக்கமில்லை. இரண்டின் பெண்களையும் தொண்டையை வைத்துப் பிரிக்கலாம்: தொண்டை வெளிறிய சாம்பலாகவும் மார்பு மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டம், தொண்டையிலிருந்தே மஞ்சள் தொடங்கினால் ஊதா.

சரி, தூரம். உங்கள் 250 லென்ஸ் 4 மீட்டரில் ஒரு குருவியை எவ்வளவு பெரிதாகக் காட்டுமோ, ஏறக்குறைய அதே அளவில்தான் 600 லென்ஸ் 10 மீட்டரில் காட்டும். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது ஆறு மீட்டர் தூரத்தை. காட்டில் அந்த ஆறு மீட்டருக்கு விலை உண்டு, அங்கே பறவை உங்களை நெருங்க விடாது. உங்கள் வீட்டில் அந்தப் பறவை தினமும் உங்கள் அம்மா துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டேதான் பூ தேடுகிறது. மனிதர் நடமாட்டம் அதற்குப் பழக்கம். பழக்கமில்லாதது, ஒருவர் நின்று முறைத்துக்கொண்டே தன்னை நோக்கி அடியெடுத்து வருவது. ஆகவே நீங்கள் போகாதீர்கள், அது வரட்டும். கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு அதன் பின்னால் முக்காலி போட்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் அடுப்படி ஜன்னல். கண்ணாடி இருந்தால் திறந்துவிடுங்கள். திறக்க முடியாத ஜன்னல் என்றால் துடைத்துவிட்டு லென்ஸின் முன்விளிம்பு கண்ணாடியை ஒட்டியிருக்கும்படி நேராகப் பிடியுங்கள், சாய்த்துப் பிடித்தால் கூர்மை கெடும். கொசுவலைக்கு ஊடே எடுப்பதை மறந்துவிடுங்கள்.

பறவையை நான்கு மீட்டருக்குள் வரவைக்கச் சேலத்தில் மலிவான வழி தண்ணீர். கோடையில் தீனியைவிடத் தண்ணீருக்குத்தான் வரத்து அதிகம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண்தட்டு போதும். ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம், குருவிகள் ஆழத் தண்ணீரில் இறங்காது. எவர்சில்வர் தட்டு வழுக்கும், வெயிலில் சுடும். தட்டைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்காவது வெட்டவெளி இருக்கட்டும், செடி மறைவிலேயே வைத்தால் பூனைக்கு விருந்து வைத்தது போலாகும். பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டுவையுங்கள். எந்தப் பறவையும் நேராகத் தட்டில் இறங்காது. முதலில் எங்காவது உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். அந்த "எங்காவது" நீங்கள் நட்ட கிளையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், ஃபோகஸை முன்கூட்டியே அங்கே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கிளைக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளித்தான் சுவரோ செடியோ இருக்கவேண்டும், அப்போதுதான் பின்னணி கரைந்து போகும். தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்றுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். விட்டுவிட்டால் பாசி பிடிக்கும், கொசுப்புழு வரும், நோயுள்ள ஒரு பறவையிடமிருந்து மற்றதுக்கும் ஒட்டும்.

வைத்த அன்றே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் காக்காய் வந்து எங்கிருந்தோ தூக்கி வந்த இட்லித் துண்டை அதில் நனைக்கும். அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம், ஒன்று குளித்தால் எல்லாம் குளிக்கும், ஒரே கூச்சல். கொண்டைக்குருவி சோடியாக வரும். கருப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சான் பெரும்பாலும் எல்லாரும் போன பிறகு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் தனியாக வரும். இதே குண்டுக்கரிச்சான்தான் மாசி, பங்குனியில் விடியுமுன் ஆன்டெனா உச்சியில் உட்கார்ந்து சீட்டியடிப்பது.

தீனி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மிக்சர், பிரெட், உப்புப் போட்டது எதுவும் வேண்டாம். அம்மா காக்காய்க்குச் சோறு வைத்தால் வைக்கட்டும், அது நம் வீட்டு வழக்கம், அதனால் கேடில்லை. சிட்டுக்குருவி வருகிற தெருவாக இருந்தால் கொஞ்சம் கம்பு, நொய். மற்றபடி மரமே தீனி போடும். பப்பாளியில் உச்சியில் பழுக்கிற ஒன்றைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். கறிவேப்பிலையைப் பூக்கவிட்டுக் கருநீலப் பழம் பழுக்கவிட்டால் கொண்டைக்குருவியும் குயிலும் விடாது. அடுத்த வீட்டு மாமரத்தில் புல்லுருவி படர்ந்திருக்கிறதா பாருங்கள். மரத்துக்காரருக்கு அது பகை. நமக்கு அதில்தான் பூக்கொத்தி இருக்கும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது. புல்லுருவிப் பழத்தை விழுங்கி, பிசுபிசுக்கும் கொட்டையைக் கிளையிலேயே தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும், அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கும். அது பின்பக்கத்தைக் கிளையில் தேய்க்கும் அந்த நொடியைப் படமாக்கிவிட்டால் சொல்லுங்கள், நான் பிரேம் போட்டுத் தருகிறேன்.

கேமரா அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையவேண்டாம், பறக்கும்போது 1/2000க்கு மேல். லென்ஸின் வெளிச்சத் துளையை (அப்பர்ச்சர்) அது அனுமதிக்கும் அளவுக்குத் திறந்துவிடுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600 வரை பயப்படாமல் ஏற்றலாம். கொஞ்சம் பொரிப்பொரியாக வந்த படத்தைச் சரிசெய்ய முடியும், ஆடிப்போன படத்தை முடியாது. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில், ஒற்றைப் புள்ளி, அந்தப் புள்ளி கண்ணின் மேல். நான் உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை டிஎஸ்எல்ஆரிலேயே காலம் தள்ளுகிறவன். கண்ணைத் தானே தேடிப்பிடிக்கும் புது மிரர்லெஸ் கேமராக்களில் எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல என்னைக் கேட்காதீர்கள். காசு செலவழித்தே தீருவேன் என்றால் முதலில் ஒரு 8x42 பைனாகுலர் வாங்குங்கள். பறவையைப் பார்க்கத் தெரிந்த பிறகு லென்ஸ் வாங்கினால், எந்த லென்ஸ் என்று நீங்களே சொல்வீர்கள். கல்யாண வேலைக்காரர்களுக்கு லென்ஸ் வாடகைக்குத் தருகிறவர்களிடம் 150-600ஐ ஒரு நாள் வாங்கிக் கையில் தூக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட இரண்டு கிலோ. பலருடைய ஆசை அந்த ஒரு நாளிலேயே தணிந்திருக்கிறது.

இனி "காக்காயும் மைனாவும்தான்" என்றீர்களே, அதற்கு வருகிறேன். சித்திரை தொடங்கி ஆடி வரை காக்காய்க் கூட்டைத் தூர இருந்து கவனியுங்கள். ஒரு காக்காய் தன் குஞ்சு மாதிரியே இல்லாத ஒரு குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். குயில் கூடு கட்டாது, காக்காய் கூட்டில் முட்டையிடும் என்பது சந்தேகமில்லாத சங்கதி. வாயைப் பிளந்து கத்தும் குயில் குஞ்சும், அதற்குள் தலையை விட்டு ஊட்டும் காக்காயும் ஒரே படத்தில் கிடைத்தால், ஏற்காட்டில் ஒரு வருடம் அலைந்தாலும் அதற்கு ஈடாகாது. குயில் என்றதும் ஒன்று: சினிமாப் பாட்டில் குயில் எப்போதும் பெண்தான். உங்கள் மாமரத்தில் விடியற்காலையில் படிப்படியாகக் குரலை ஏற்றிக் கூவுவது கருப்பு ஆண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், அது கிக்கிக்கிக் என்று படபடவென்று கத்தும்.

கரிச்சானையும் அசட்டையாக விடாதீர்கள். கம்பியில் உட்கார்ந்து பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். பச்சைப் பஞ்சுருட்டானும் அப்படியே, பிடித்த தேனீயைக் கிளையில் அடித்துக் கொன்றுவிட்டுத்தான் விழுங்கும். அது போகும்போது துரத்தாதீர்கள். ஃபோகஸைக் காலிக் கம்பியிலேயே வைத்திருங்கள், பறக்கும் படம் பழக இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

சிட்டுக்குருவி குறைந்துபோனதற்குச் செல்போன் கோபுரம்தான் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வந்த அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை பெரிய மாற்றமில்லாமல் நிலையாக இருக்கிறது என்றுதான் சொன்னது. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வந்ததில் கூடு கட்டப் பொந்து இல்லாமல் போனது, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி குறைந்தது என்பவை நம்பத்தக்க காரணங்கள். இன்ன தெருவில் இதனால்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பெயர் கண்டுபிடிக்கும் மெர்லின் செயலியையும் அப்படியே அணுகவேண்டும். நல்ல கருவிதான், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே நம்புங்கள். பனிக்காலத்தில் வரும் பச்சைப் பழுப்புக் கதிர்க்குருவி வகைகளைப் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பல சமயம் குரலும் வேண்டும். "தெரியவில்லை" என்று குறித்துவைப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

கூடு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். தையல்சிட்டு பாதாம் இலையை மடித்துத் தைத்திருக்கும், தேன்சிட்டு துணிக்கொடியிலேயே பை மாதிரிக் கூட்டைத் தொங்கவிட்டிருக்கும். கிட்டப் போக ஆசையாகத்தான் இருக்கும். படம் தெளிவாக வரவேண்டும் என்று மறைக்கும் இலையை ஒதுக்கினால், உங்களுக்குத் தெரிவது காக்காய்க்கும் வால்காக்கைக்கும் செண்பகத்துக்கும் தெரியும். அடிக்கடி போய் நின்றால் தாய் திரும்பத் தயங்கும், வெயிலில் குஞ்சு தாங்காது. ஃபோனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம், அது தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்துச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறது. முருங்கைப் பொந்தில் புள்ளி ஆந்தை இருந்தால் இரவில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். மாலை வெளிச்சத்திலேயே பொந்து வாசலில் வந்து உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கும்.

ஏற்காடு போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் எதற்காக என்று தெரிந்துகொண்டு போங்கள். கீழே உங்கள் வீட்டில் வருவது பிட்டம் சிவந்த கொண்டைக்குருவி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தால் காப்பித் தோட்ட வேலியில் கன்னத்தில் சிவப்புப் பொட்டும் கூரான கொண்டையும் வைத்த அதன் பங்காளி எங்கும் தெரியும். கீழே அரசமரத்தில் டுக் டுக் என்று கொட்டுகிற செம்மார்புக் குக்குறுவானுக்குப் பதில் அங்கே வெண்கன்னக் குக்குறுவான் நாளெல்லாம் குட்ரூ குட்ரூ என்று கத்தும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவையான அது, கிழக்கே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் இருக்கிறது என்பதே நம் ஊருக்கு ஒரு பெருமை. சில்வர் ஓக் பூக்கும் சமயம் தேன்சிட்டுகள் மொய்க்கும். ஆனால் காப்பித் தோட்டத்துக்குள் நிழல் அதிகம், மூடுபனி வேறு. உங்கள் 250 லென்ஸ் அங்கே திணறும், மாடியில் பழகிய கைக்குத்தான் ஏதாவது சிக்கும். தோட்டங்கள் தனியாருடையவை, கேட்காமல் நுழையாதீர்கள். திரும்பி வந்ததும் கேமராவை ஈரப் பையிலேயே பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் ஊரிலேயே இருக்கிற மூக்கனேரிக் கரைக்கு ஒரு காலை போய்வாருங்கள். ஏரிக்குள் மண்திட்டு போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள், நீர்க்காகமும் கொக்கும் அங்கே இருக்கும், மைனஸ் காம்பன்சேஷன் பழக நல்ல இடம்.

தங்கைக்கும் ஆசை, அவளிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஃபோனில் ஜூம் செய்து மரத்தைப் பிடிக்க வேண்டாம். தண்ணீர்த் தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, தட்டின் மட்டத்திலேயே ஃபோனைச் செங்கல்லில் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு உள்ளே வந்துவிடச் சொல்லுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து வேண்டிய நொடியைப் படமாகப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு நாள் முன்னாலேயே ஃபோன் அளவுக்கு ஒரு கருப்பு அட்டையை அதே இடத்தில் வைத்துப் பறவைகளைப் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஃபோனைக் கயிறு போட்டுக் கட்டிவைக்கச் சொல்லுங்கள், காக்காய் கொத்திப் புரட்டிப் பார்க்கலாம்.